பரமட்டா ஆறும் கரையிலுள்ள பல்கலைக்கழகமும்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆறு என்பது பெரும்பாலும் பூமிசாத்திரப் புத்தகத்தில் படித்த சங்கதிதான். குடாநாட்டில் ஆறு என்று பெயர் சொல்ல வழுக்கியாறு ஒன்று உண்டு. அதுவும் மாரியில் ஓடி, வெயில் காலத்தில் வற்றிவிடும். வன்னியிலிருந்து வந்தவர்கள் குளத்தை அறிவார்கள், மட்டக்களப்பார் வாவியை அறிவார்கள். ஆனால் குடிதண்ணீர் என்று வரும்போது நாங்கள் எல்லோரும் கிணற்றைப் பார்த்து வளர்ந்தவர்களே. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினால் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். நல்ல தண்ணீர்க் கிணறு எது, உவர்க் கிணறு எது என்று ஊர் முழுக்க அறியும்.

இங்கே நிலைமை வேறு. சிட்னி மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி வரகம்பா என்ற பெரிய அணையிலிருந்து குழாய் வழியாக வருகின்றது. குழாயைத் திருகினால் தண்ணீர், சிங்கில் ஊற்றினால் மறைந்துவிடும். எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது என்று வீட்டில் ஒருவரும் யோசிப்பதில்லை. எங்கள் தெருக்களில் ஓடுகின்ற மழைநீர் வந்து சேருகின்ற இடம்தான் பரமட்டா ஆறு. எமது குடும்பங்கள் செறிந்து வாழும் வென்ற்வேத்வில், டூங்காபி, பெண்டில் ஹில், வெஸ்ற்மீட், ஹோம்புஷ் ஆகிய எல்லா ஊர்களின் மழைநீரும் ஏதோ ஓர் ஓடை வழியாக இந்த ஆற்றுக்கே வருகின்றது. ஆகவே இந்த ஆற்றைப் பற்றியும், அதன் கரையிலே உள்ள ஒரு பல்கலைக்கழகம் நீர்நிலைகளுக்காகச் செய்துவரும் வேலையைப் பற்றியும் புதிதாக வந்துள்ள குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

விலாங்குகளின் ஊர்

டூங்காபி ஓடையும் டார்லிங் மில்ஸ் ஓடையும் கூடுகின்ற இடத்தில் பரமட்டா ஆறு தொடங்குகின்றது. அங்கிருந்து பரமட்டாப் பூங்காவைச் சுற்றி, நகரத்தின் நடுவால் ஓடி, சிட்னித் துறைமுகத்தில் கலக்கின்றது. சனிக்கிழமைகளில் நாங்கள் மரக்கறி வாங்கப் போகின்ற பரமட்டா நகரத்தில், ரெயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சாள்ஸ் வீதியின் முடிவில் படகுத்துறையைக் காணலாம். அதன் பக்கத்திலே குறுக்காக ஒரு சிறிய அணை. அணைக்கு மேலே நன்னீர், கீழே கடல் ஏறி இறங்கும் உவர்நீர். ஓர் எட்டு வைத்தால் இரண்டு உலகம்.

இந்த ஊருக்குப் பெயர் வந்ததே இந்தத் தண்ணீரால்தான். வெள்ளையர் வருமுன் இங்கு வாழ்ந்த தாருக் மொழி பேசிய மக்கள் தங்களைப் பரமட்டகல் என்று அழைத்தார்கள். விலாங்குகள் கிடக்கும் இடம் என்பது அப்பெயரின் பொருள் என்று சொல்லப்படுகின்றது. பரமட்டாவின் றக்பி அணிக்கு 'ஈல்ஸ்' என்று பெயர் வந்ததும் அதனாலேயே. இந்த விலாங்குகள் நன்னீரில் பல வருடங்கள் வளர்ந்து, முட்டையிடுவதற்காக அணை தாண்டி, துறைமுகம் தாண்டி, வடக்கே பவளக் கடல் வரை நீந்திப் போகின்றன. அங்கே பிறந்த குஞ்சுகள் கண்ணாடி போன்ற சிறு உருவில் கடல் நீரோட்டத்தோடு திரும்பி வந்து மீண்டும் ஆறு ஏறுகின்றன. அவை ஏறுவதற்கென்று அணைகளில் மீன் ஏணிகள் கட்டப்பட்டுள்ளன. பிறந்த இடம் ஒன்று, வாழும் இடம் வேறு என்ற விலாங்கின் கதையைக் கேட்டால் எம்மவர் எவருக்கும் மனம் ஒருகணம் நிற்கும்.

இந்த ஆற்றின் மீன் ஒரு காலத்தில் ஊருக்கே சோறு போட்டது. வெள்ளையர் 1788 நவம்பரில் இங்கு குடியேறி விவசாயம் தொடங்கினார்கள். விளைச்சல் போதாத பஞ்ச காலம் அது. 1791இல் பலுண்டரி என்ற உள்ளூர் இளைஞர் தன் ஆட்களோடு மீன் பிடித்து வந்து, குடியேறியவர்களிடம் பண்டமாற்றாகக் கொடுத்தார். கைதிகள் சிலர் அவருடைய வள்ளத்தை உடைத்துப் போட்டார்கள். அதோடு அந்த வியாபாரமும் நட்பும் முறிந்தன. அந்த மீனை அன்றைக்கு ஒருவரும் பயந்து சாப்பிடவில்லை. இன்றைக்கு இதே ஆற்றில் பிடிக்கும் மீனைச் சாப்பிட வேண்டாம் என்று அரசாங்கமே சொல்கின்றது. அது ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

ஆற்றோரத்துப் படிப்பகம்

படகுத்துறையிலிருந்து வடகரை வழியாகக் கிழக்கே நடந்தால், அல்லது 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய இலகு ரெயிலில் ஏறி யல்லமண்டி நிறுத்தத்தில் இறங்கினால், மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தின் றைடல்மியர் வளாகத்தை அடையலாம். 1989இல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகத்துக்குப் பல வளாகங்கள் உண்டு. எமது பிள்ளைகள் பலர் படித்ததும் படிப்பதும் இங்கேதான். இந்த வளாகம் ஆற்றை ஒட்டியே இருக்கின்றது. மேட்டிலே தெரியும் பழைய மூன்று மாடிச் செங்கல் கட்டடத்துக்கு ஆளுநர் மக்குவாரி 1813இல் அடிக்கல் வைத்தார். அநாதைப் பெண் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட அக்கட்டடம், பின்னர் நெடுங்காலம் மனநோய் வைத்தியசாலையின் பகுதியாக இருந்து, இன்று பல்கலைக்கழகத்துக்கு உரியதாகியுள்ளது.

கீழே கரையில் கண்டல் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. சேற்றிலிருந்து பென்சில் குத்தி வைத்ததுபோல் மூச்சு வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். இவை எங்களுக்குப் புதியவை அல்ல. இலங்கையின் களப்போரங்களிலும் இதே இனக் கண்டல் வளர்கின்றது. அங்கே போலவே இங்கும் இறாலுக்கும் மீன் குஞ்சுக்கும் அதன் வேர்களே தொட்டில்.

ஒரு பல்கலைக்கழகம் ஆற்றுக்கு என்ன செய்ய முடியும்? அதற்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. தொழிற்சாலையை மூடச் சொல்ல முடியாது. வாய்க்கால் கட்டும் வேலையும் அதனுடையது அல்ல. அது செய்யக்கூடியது ஒன்றுதான்: அளப்பது. ஒரு நாள் அளந்துவிட்டுப் போகாமல், வருடக்கணக்காக ஒரே இடத்தில் அளந்து, கண்டதை எவரும் வாசிக்கக்கூடியதாக வெளியிடுவது. கேட்பதற்குச் சிறிய காரியம் போலிருக்கும். ஆனால் அதனால் ஓர் ஆறு பிழைத்துக்கொண்ட கதை ஒன்று இப்பல்கலைக்கழகத்துக்கு உண்டு. அந்த ஆறு பரமட்டா அல்ல, மேற்கே நீலமலைத் தேசியப் பூங்காவில் ஓடும் வொலங்காம்பி.

வொலங்காம்பியின் கதை

நீலமலைக் காடுகள் 2000ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. வொலங்காம்பி ஆறு அக்காட்டின் உள்ளே ஓடுவதால் அதன் தண்ணீர் மிகச் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆற்றின் தலைப்பில், லித்கோ நகரத்துக்கு அருகே, கிளாரன்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்கம் இருக்கின்றது. சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் ஆற்றிலே விடப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, அது களவாக நடந்த காரியம் அன்று. சுற்றாடல் அதிகாரசபை கொடுத்த அனுமதிப் பத்திரத்தின்படியே நடந்தது.

மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தின் நீரியல் விஞ்ஞானி இயன் றைற்றும் அவருடைய மாணவர்களும் அந்த ஆற்றை ஆராய்ந்தார்கள். சுரங்கத் தண்ணீர் கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே பல மாதிரிகள் என்று எடுத்தார்கள். மேலே ஆறு தெளிவாக, உப்புச்சத்து மிகக் குறைவாக இருந்தது. கீழே துத்தநாகமும் நிக்கலும் உயர்ந்திருந்தன. உப்புத்தன்மையும் கூடியிருந்தது. பார்ப்பதற்கு இரண்டு தண்ணீரும் ஒன்றுபோலவே தெளிவு. கண்ணால் பார்த்து எவரும் வித்தியாசம் சொல்லியிருக்க முடியாது.

இரசாயன அளவோடு அவர்கள் நிற்கவில்லை. ஆற்றின் அடியில் உள்ள பூச்சிகளையும் எண்ணினார்கள். இம்முறை மிகச் சுவையானது, பிள்ளைகளுக்கும் விளங்கக்கூடியது. ஆற்றுக்குள் இறங்கி, கற்களைக் காலால் கிளறி, கீழே வலையைப் பிடிப்பார்கள். வலையில் அகப்பட்டதை வெள்ளைத் தட்டில் கொட்டி வகை பிரிப்பார்கள். சில பூச்சிகளின் குடம்பிகள் மிக மென்மையானவை, சுத்தமான தண்ணீரில் மட்டுமே உயிர் வாழும். சிவப்புப் புழுக்கள் சில எந்த அழுக்கிலும் வாழும். ஒவ்வொரு வகைக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை புள்ளி கொடுக்கும் 'சிக்னல்' என்ற முறையை அவுஸ்திரேலிய விஞ்ஞானி புரூஸ் செஸ்மன் 1990களில் உருவாக்கினார். தட்டிலே அகப்பட்ட வகைகளின் சராசரிப் புள்ளி தண்ணீரின் நிலையைக் காட்டிவிடும். தண்ணீர் மாதிரி எடுத்த அந்த நேரத்துச் செய்தியை மட்டும் போத்தல் சொல்லும். மாதக்கணக்காக அங்கேயே கிடக்கும் பூச்சி, நேற்று இரவு என்ன வந்து போனது என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

வொலங்காம்பியில் அந்தத் தட்டு சொன்ன செய்தி கவலைக்குரியது. சுரங்கத் தண்ணீர் கலக்கும் இடத்துக்குக் கீழே உயிரினங்களின் தொகையும் வகையும் பெருமளவு வீழ்ந்திருந்தன. அந்தப் பாதிப்பு அடுத்த வளைவில் முடியவுமில்லை. பல கிலோமீற்றர் தூரம், உலக மரபுரிமைக் காட்டுக்குள்ளேயே நீண்டு போனது. ஆய்வு வெளியிடப்பட்டது. சுற்றாடல் அமைப்புகளும் அதைக் கையில் எடுத்தன. அதிகாரசபை தானும் பரிசோதித்தது. இறுதியில் 2017இல் சுரங்கத்தின் அனுமதிப் பத்திரம் திருத்தப்பட்டு, துத்தநாகம் முதலிய பொருட்களின் எல்லை பல மடங்கு இறுக்கப்பட்டது.

இதில் நாம் படிக்க வேண்டியது என்ன? சட்டம் அனுமதித்ததால் மட்டும் ஒரு காரியம் தீங்கற்றதாகிவிடாது. அளந்து காட்ட ஒருவர் இருந்தால்தான் சட்டமும் திருந்தும். அளப்பவர் சுரங்கத்தின் சம்பளத்தில் இருப்பவரானால் அவருடைய சொல்லை ஊர் நம்பாது. சுற்றாடல் அதிகாரசபைக்கும் ஆயிரம் இடங்கள் பார்க்கக் கிடக்கின்றன. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வந்து சேருகின்ற, ஆய்வைத் தொழிலாகக் கொண்ட பல்கலைக்கழகத்துக்கு இந்த வேலை பொருந்துகின்றது. பல்கலைக்கழகங்களும் சிலவேளை கைத்தொழில் நிறுவனங்களின் பணத்தில் ஆய்வு செய்வது உண்டு. அதனால்தான் ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தார் என்பதையும் சேர்த்து வெளியிடும் வழக்கம் உள்ளது. வாசிப்பவர்களும் அதைப் பார்க்க வேண்டும்.

சேற்றின் அடியில் கிடக்கும் கடன்

இனிப் பரமட்டா ஆற்றுக்குத் திரும்புவோம். றைடல்மியர் துறையில் படகேறிக் கிழக்கே போனால், வலது கையில் டக் ஆறு வந்து சேரும். அதற்கு அப்பால் சில்வர்வோட்டர் பாலம். பிறகு ஒலிம்பிக் பூங்காத் துறையும் ஹோம்புஷ் குடாவும். 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடந்த இடம் இது. குடாவின் மறுகரையில் றோட்ஸ் என்ற ஊர் மாடிவீடுகளால் நிறைந்து நிற்கும். எம்மவர்களும் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள்.

அந்த மாடிவீடுகள் எழுமுன் றோட்ஸ் இரசாயனத் தொழிற்சாலைகளின் ஊராக இருந்தது. யூனியன் கார்பைட் கொம்பனி அங்கே 1957 முதல் 1980களின் நடுப்பகுதி வரை இயங்கியது. போபாலில் 1984இல் நடந்த பேரழிவால் எமக்கெல்லாம் தெரிந்த அதே பெயர்தான். றோட்ஸில் செய்யப்பட்டவற்றுள் களைக்கொல்லிகளும் அடங்கும். அவற்றைச் செய்யும்போது டயொக்சின் என்ற நஞ்சு பக்க விளைவாக உண்டாகும். அது தண்ணீரில் கரையாது, எளிதில் அழியாது. சேற்றோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். சேற்றிலுள்ள புழுவைச் சிறு மீன் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, படிப்படியாக மீனின் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும்.

நஞ்சு எங்கே எவ்வளவு கிடக்கின்றது என்று தெரிய வேண்டுமானால் சேற்றை அள்ளிப் பார்க்க வேண்டும். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் கவின் பேர்ச்சும் அவருடைய மாணவர்களும் பல வருடங்களாகத் துறைமுகம் முழுவதிலும் அடிச்சேற்றை எடுத்து ஆராய்ந்தார்கள். செப்பு, ஈயம், துத்தநாகம் எங்கெங்கே சேர்ந்துள்ளன என்ற வரைபடம் அதனால் உருவானது. டயொக்சின் ஹோம்புஷ் குடாவில் மிகக் கூடுதலாகவும், தூரம் போகப் போகக் குறைந்தும் இருப்பதும் தெரியவந்தது. சிட்னியின் நான்கு பல்கலைக்கழகங்கள் 2005இல் ஒன்றுசேர்ந்து கடல்சார் விஞ்ஞான நிறுவனம் ஒன்றையும் அமைத்தன. துறைமுகத்தின் உயிரினங்களைப் பற்றிய ஆய்வுகள் பல அங்கே நடக்கின்றன.

இறாலிலும் மீனிலும் டயொக்சின் கூடுதலாக இருப்பது தெரியவந்ததும் 2006இல் சிட்னித் துறைமுகம் முழுவதிலும் வியாபார மீன்பிடி நிறுத்தப்பட்டது. றோட்ஸ் நிலமும் குடாவின் ஒரு பகுதிச் சேறும் பெரும் பொருட்செலவில் சுத்திகரிக்கப்பட்டன. ஆனாலும் சேற்றின் கடன் தீரவில்லை. சிட்னித் துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீன், இறால், நண்டு எதையும் உண்ண வேண்டாம் என்பதே அரசாங்கத்தின் அறிவுரை. பாலத்துக்குக் கிழக்கே பிடிப்பதையும் பொதுவாக மாதத்துக்கு 150 கிராம் அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். பரமட்டா ஆறு முழுவதும் பாலத்துக்கு மேற்கேதான் இருக்கின்றது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரிலிருந்து வந்த எமது அப்புமாருக்கும் மாமாமாருக்கும் தூண்டில் போடுவது ஒரு பெரிய ஆறுதல். பேச்சுத் துணை இல்லாத இந்த நாட்டில் கரையில் போய் இருந்தால் மனம் ஆறும். தூண்டில் போடுவதற்குப் பொதுவாகத் தடை இல்லை, அதற்கான அனுமதிச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பிடித்த மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கக்கூடாது. கழுவினாலும் அவித்தாலும் பொரித்தாலும் டயொக்சின் போகாது. கருவுற்ற பெண்களும் சிறு பிள்ளைகளும் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். அறிவிப்புப் பலகைகள் கரையில் உண்டு. ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத முதியவருக்குப் பலகை பயன்படாது, பேரப்பிள்ளைதான் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் மீன் இந்த ஆற்றிலிருந்து வருவதில்லை. ஆகவே கடை மீனைப் பற்றி இந்தப் பயம் வேண்டாம்.

தெருவோர வாய்க்கால் எங்கே போகின்றது?

பழைய தொழிற்சாலைகள் மூடிவிட்டன. டக் ஆற்றோரம் கிளைட்டில் இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் 2012இல் சுத்திகரிப்பை நிறுத்தியது. அப்படியானால் ஆறு சுத்தமாகிவிட்டதா? இல்லை. இன்றைக்கு ஆற்றுக்கு வரும் அழுக்கின் பெரும்பகுதி மழையோடு தெருவிலிருந்து வருகின்றது. அதாவது எங்கள் வாசலிலிருந்து.

புதிதாக வந்தவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சிட்னியில் இரண்டு வகைக் குழாய்கள் வெவ்வேறாக ஓடுகின்றன. குளியலறை, கழிவறை, சிங் ஆகியவற்றின் கழிவுநீர் ஒரு குழாயில் போய், சுத்திகரிப்பு நிலையத்தை அடைகின்றது. பரமட்டாப் பக்கத்துக் கழிவுநீர் நோர்த் ஹெட் வரை போய், அங்கிருந்து ஆழ்கடலில் விடப்படுகின்றது. தெருவோரத்து இரும்புக் கம்பி போட்ட வாய்க்கால் துவாரத்துக்குள் போகும் தண்ணீர் அந்தக் குழாய்க்குப் போவதில்லை. அது அப்படியே பக்கத்து ஓடைக்குப் போகின்றது. வென்ற்வேத்வில் வீதியில் ஊற்றிய எண்ணெய் பின்லேசன்ஸ் ஓடைக்கும், ஹோம்புஷில் ஊற்றியது பவல்ஸ் ஓடைக்கும் போய்ச் சேரும். இடையிலே பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லை.

கார் ரயர் தேய்ந்த தூளில் துத்தநாகம் உண்டு. பிறேக் தேய்ந்த தூளில் செப்பு உண்டு. தகரக் கூரையிலிருந்தும் துத்தநாகம் கரையும். நாய் எச்சம், புல்லுக்குப் போட்ட உரம், சிகரட் துண்டு எல்லாம் மழைக்கு ஒன்றாகக் கழுவப்பட்டுப் போகின்றன.

இவ்விடத்தில் மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்த ஒரு விசித்திரமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். சிட்னியின் இயற்கையான ஓடைகள் மணற்கல் நிலத்தில் ஓடுபவை. அவற்றின் நீர் சற்று அமிலத்தன்மை உடையது, உப்புகள் மிகக் குறைந்தது. இங்குள்ள உயிரினங்கள் அந்த நீருக்கே பழகியவை. நகரத்து ஓடைகளில் மட்டும் நீர் காரத்தன்மைப் பக்கம் சாய்ந்து, சுண்ணச்சத்துக் கூடியிருந்தது. காரணம் எந்தத் தொழிற்சாலையும் அல்ல. மழைநீரைக் கொண்டுபோகும் கொங்கிறீற் வாய்க்கால்களும் குழாய்களும்தான் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தன. இதை இயன் றைற்றும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்டார்கள். சுத்தமான மழைநீர் கொங்கிறீற் வழியாக ஓடினாலே அதன் குணம் மாறிவிடுகின்றது என்றால், அளந்து பார்க்காமல் இதை எவர் ஊகித்திருப்பார்? மண்ணும் புல்லும் உள்ள ஓடைக் கரைகளை நகரசபைகள் இப்போது சில இடங்களில் மீண்டும் உண்டாக்குவதற்கு இவ்வகை ஆய்வுகளே பலம்.

வீட்டுக்கு அடிக்கும் மருந்தும் சிறிய காரியம் அல்ல. 2012இல் நீலமலையில் வென்ற்வேத் போல்ஸ் என்னும் ஊரின் ஜேமிசன் ஓடையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நன்னீர் இறால்கள் செத்துக் கிடந்தன. பைபென்திரின் என்ற பூச்சிகொல்லியே காரணமென்று கண்டறியப்பட்டது. கறையானுக்கும் சிலந்திக்கும் வீடுகளில் அடிக்கின்ற சாதாரண மருந்து அது. அந்த ஓடை கடைசியில் போய்ச் சேருவது சிட்னி குடிக்கின்ற வரகம்பா நீர்த்தேக்கத்துக்கு.

மீண்டும் நீந்தலாமா?

பரமட்டா ஆற்றுக்கு நல்ல காலமும் தெரிகின்றது. ஆற்றை அண்டிய நகரசபைகள், அரச நிறுவனங்கள், ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து 2008இல் பரமட்டா ஆற்று நீரேந்துப் பிரதேசக் குழுவை அமைத்தன. 2025க்குள் ஆற்றில் மக்கள் நீந்தக்கூடியதாக்குவது என்று இலக்கு வைத்து, 2018இல் பத்துப் படிகள் கொண்ட திட்டத்தை வெளியிட்டார்கள். அத்திட்டம் தயாராகும்போது, ஆற்றைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், எங்கே நீந்த விரும்புகிறார்கள் என்று கேட்டறிந்ததும் மேற்கு சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே.

1856இல் கட்டிய அணையால் உண்டான பரமட்டா ஏரியில் பல பத்தாண்டுகளுக்குப் பின் 2015இல் நீந்த அனுமதி கிடைத்தது. சுற்றிலும் காடு இருப்பதால் அங்கே தண்ணீர் நல்லது. கொன்கோர்ட்டில் பேவியூ பூங்காக் கரை 2022இல் நீந்தத் திறந்தது. 2025 வந்தும் முழு ஆறும் நீந்தத் தக்கதாகிவிடவில்லை என்பது உண்மை. இருந்தாலும் குறித்த இடங்களில் நீந்தலாம் என்ற நிலை வந்ததே பெரிய காரியம். நீந்தப் போகிறவர்கள் அந்த இடத்துக்கு அன்றைக்கு என்ன அறிவித்துள்ளார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள். பெருமழைக்குப் பின் மூன்று நாட்களுக்கு ஆற்று நீரில் இறங்க வேண்டாம். மழையோடு கழிவுநீர்க் குழாய்களும் பொங்கி ஆற்றுக்குள் வழிவது உண்டு.

ஊர்க் கிணறு சொன்ன பாடம்

அளப்பவரின் அருமை எமது ஊருக்கும் தெரியும். சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது என்று மக்கள் முறையிட்டார்கள். தண்ணீர்க் கிணறு வீட்டில் இருக்க, குடிப்பதற்கு பவுசரை எதிர்பார்த்து நின்றார்கள். ஒரு நிபுணர் அறிக்கை எண்ணெய் உண்டு என்றது. இன்னொன்று ஆபத்தான அளவில் இல்லை என்றது. எதை நம்புவது என்று தெரியாமல் சனம் தவித்தது. முடிவில் 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் நொதேர்ன் பவர் கொம்பனியைப் பொறுப்பாளியாகக் கண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. பக்கச்சார்பில்லாத அளவுகள் தொடக்கத்திலேயே, எல்லோரும் பார்க்கக்கூடியதாக, தொடர்ச்சியாக இருந்திருந்தால் அந்தத் தவிப்பு இவ்வளவு நீண்டிராது. தண்ணீர் கெட்டபின் அளப்பதால் மட்டும் பயன் பாதிதான். நன்றாக இருந்த காலத்து அளவு கையில் இருந்தால்தான் கெட்டதை நிரூபிக்க முடியும்.

எங்கள் பங்கு

பல்கலைக்கழகம் அளக்கும். அதிகாரசபை சட்டம் போடும். இரண்டும் எங்கள் வீட்டுவாசல் வரை வந்து நிற்காது. ஆகவே சில காரியங்களை நாங்களே செய்ய வேண்டும்.

பொரித்த எண்ணெயைச் சிங்கிலும் ஊற்ற வேண்டாம், தெரு வாய்க்காலிலும் ஊற்ற வேண்டாம். சிங்கில் ஊற்றிய எண்ணெய் குழாய்க்குள் உறைந்து அடைத்து, கழிவுநீர் ஓடைக்குள் பொங்கும். எண்ணெயை ஆறவிட்டுப் போத்தலில் அடைத்துக் குப்பையில் போடலாம். காரைப் புற்றரையில் நிறுத்திக் கழுவுங்கள், அல்லது கழுவும் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். பெயின்ற் பூசிய தூரிகையை வாசலில் கழுவாதீர்கள். மிஞ்சிய பெயின்ற், பூச்சிமருந்து, பழைய எண்ணெய் ஆகியவற்றை வீடுகளிலிருந்து இலவசமாக ஏற்கும் நாட்களும் நிலையங்களும் உள்ளன. நகரசபையைக் கேட்டால் சொல்வார்கள். மழை வரப்போகும் நாளில் மருந்தும் உரமும் போட வேண்டாம்.

ஓடையில் நுரை, எண்ணெய்ப் படலம், செத்த மீன், வழமையில்லாத நிறம் எதையாவது கண்டால் சுற்றாடல் அதிகாரசபையின் 131 555 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு எடுக்கலாம். முறையிட்டால் விசாவுக்குக் கேடு வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இடத்தையும் நேரத்தையும் கண்டதையும் சொன்னால் போதும். தண்ணீரை நஞ்சாக்குவது இந்நாட்டில் சட்டப்படி குற்றம், அதை அறிவிப்பது குடியிருப்பவர் எவருக்கும் உரிய வேலை.

பிள்ளைகளுக்கு ஸ்ரீம்வோச் என்ற திட்டம் உண்டு. 1990இல் சிட்னி நீர்ச் சபை தொடங்கிய இத்திட்டத்தில், தொண்டர்கள் தங்கள் ஊர் ஓடையில் மாதிரி எடுத்து அளக்கப் பழகுகிறார்கள். இப்போது அதை லாண்ட்கெயர் அமைப்பு நடத்துகின்றது. வெள்ளைத் தட்டில் தும்பிக் குடம்பியை ஒருமுறை கண்ட பிள்ளை, பிறகு வாய்க்காலில் குப்பை போடாது.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு சொல். டொக்டர், என்ஜினியர், எக்கவுண்டன் என்ற மூன்றோடு எங்கள் கனவு நின்றுவிடுகின்றது. தண்ணீரைப் படிக்க விரும்பும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதைத் தடுக்காதீர்கள். வொலங்காம்பிக்கு வலையோடு போனவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். அவர்கள் எண்ணிய பூச்சிகளின் கணக்கு ஓர் ஆற்றின் விதியை மாற்றியது. டூங்காபி ஓடைக்கும் பின்லேசன்ஸ் ஓடைக்கும் அப்படி எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். அது எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும்.